விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு: வழக்குக்கு முன் அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் குடும்ப நல நீதிமன்றப் படியேறப் போகும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். இலவச சட்ட உதவி மையத்துக்கு வரும் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். பதில்கள் பெரும்பாலும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை ஒட்டியவை. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தவர்களுக்கும் விவாகரத்துக்கான சட்டம் வேறு. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதற்கு, கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட் என்று வக்கீல்கள் சொல்லும் 1890ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது.

முதலில் வக்கீலைப் பார்ப்பதா, மகளிர் காவல் நிலையத்துக்குப் போவதா?

அடி, மிரட்டல், உயிர்ப் பயம் இருந்தால் காவல் நிலையம், அல்லது 181 என்ற பெண்கள் உதவி எண். அரசு மருத்துவமனையில் காட்டி, காயம் எப்படி ஏற்பட்டது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) கேட்டு வாங்காமல் வராதீர்கள். பல நாள் கழித்து நீதிமன்றத்தில் பேசப்போவது அந்தச் சீட்டும் ரசீதும்தான்.

உடனடி ஆபத்து இல்லையென்றால் வக்கீலை முதலில் பாருங்கள். கோபத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மனுவில் வேறு மாதிரி எழுதினால், எதிர்த்தரப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கும். முதல் காகிதத்தில் நடந்ததை மட்டும், தேதியோடு எழுதுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி, உண்மையான பத்து வரிகளின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடும்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை அம்மாவுக்குத்தான் என்கிறார்களே?

1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை 'சாதாரணமாக' தாயிடம் இருக்கும் என்கிறது. அந்தச் சொல் இருப்பதால் இது மறுக்கவே முடியாத உரிமை ஆகாது. தாயிடம் இருந்தால் குழந்தைக்குக் கேடு என்று அப்பா நிரூபித்தால் முடிவு மாறலாம். அதேபோல், ஐந்து முடிந்த மறுநாளே குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவதிலும் உண்மையில்லை.

அதே பிரிவு, இயற்கைக் காப்பாளர் (நீதிமன்றம் நியமிக்காமலே சட்டப்படி குழந்தைக்குப் பொறுப்பானவர்) தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்கிறது. இதைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் கொடுத்துவிட்டது: தந்தை உயிரோடு இருக்கும்போதும், அவர் குழந்தையின் பொறுப்பை எடுத்துக்கொள்ளாத நிலையில் தாய் காப்பாளராகச் செயல்படலாம். சட்டத்தின் 13ஆம் பிரிவு இன்னும் தெளிவு: குழந்தையின் நலனே தலையாயது. மற்ற எல்லா வாதங்களும் அதற்குக் கீழேதான்.

அப்படியானால் நீதிபதி எதைப் பார்த்து முடிவு செய்கிறார்?

மனதில் ஆழமாக வைத்துக்கொள்ள வேண்டிய பதில் இது. பெரும்பாலான பெண்கள் கணவர் செய்த கொடுமைகளின் பட்டியலோடு வருகிறார்கள். விவாகரத்து மனுவுக்கு அது தேவை. குழந்தை மனுவுக்குத் தேவைப்படுவது குழந்தையின் ஒரு சாதாரண நாள்.

காலையில் யார் எழுப்புகிறார்? டிபன் பாக்ஸ் கட்டுவது யார்? காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது யாருக்குத் தெரியும்? பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் யாருடைய எண் இருக்கிறது? பெற்றோர் கூட்டத்தில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்? மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டு, தாத்தா பாட்டியோடு இருக்கும் ஒட்டுதல், தூங்கும் நேரம் என்று ஒரு குழந்தையின் நாளைத் தாங்கி நிற்பவை பல. அந்த நாள் யார் கையில் குலையாமல் தொடரும் என்பதைத்தான் நீதிமன்றம் தேடுகிறது. தடுப்பூசி அட்டை, பள்ளி டைரி, கட்டண ரசீதுகள், மருத்துவச் சீட்டுகள் எல்லாம் அந்த நாளின் சாட்சிகள்.

சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், 1973லேயே நீதிபதிகள் எழுதினார்கள்: பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல. இன்றும் இந்த வரியை எடுத்துக்காட்டாத குழந்தைப் பொறுப்பு வாதம் குறைவு. 'குழந்தை என்னுடையது' என்று இரண்டு பக்கமும் கத்தும் இடத்தில், 'குழந்தைக்கு இது தேவை, இதை இப்படிச் செய்து வருகிறேன், இனியும் இப்படிச் செய்வேன்' என்று பேசும் அம்மாவின் குரலுக்கு மதிப்பு கூடுதல். எங்கே தங்குவீர்கள், எந்தப் பள்ளி, நீங்கள் வேலைக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு பக்கத்தில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். மனுவின் உயிர் அந்தப் பக்கம்தான்.

என் பெயரில் சொத்து இல்லை, வருமானம் இல்லை. அவருக்கு வசதி இருக்கிறதே, குழந்தையை அவரிடம் கொடுத்துவிடுவார்களா?

வசதி மட்டுமே முடிவு செய்வதில்லை. வசதியுள்ள அப்பா ஜீவனாம்சம் கட்ட வேண்டும் என்பதே சட்டம் காட்டும் வழி.

அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் கேஸ் பலவீனமாகுமா?

நீங்கள் போவதால் மட்டும் பலவீனமாகாது. குழந்தையை விட்டுவிட்டுப் போனால் நிலைமை கடினமாகும். 'நாலு நாள் கழித்து வந்து கூட்டிக்கொள்ளலாம்' என்று கிளம்பிய பெண்களை அதன்பின் வாசற்படி ஏறவிடாத குடும்பங்கள் உண்டு. நாள் ஆக ஆகக் குழந்தை அங்கேயே பள்ளிக்குப் போகிறது, அந்த வாழ்க்கைக்குப் பழகுகிறது. பழகிய இடத்திலிருந்து குழந்தையைப் பிடுங்க நீதிமன்றம் தயங்கும். நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும் காலம் அவர் பக்கம் வேலை செய்துவிடும்.

ஏற்கெனவே அப்படி நடந்துவிட்டதா? ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். குழந்தையைக் கேட்டு அனுப்பிய செய்திகள், அழைத்த அழைப்புகள், வாசலில் நின்றபோது கூட வந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்துவைத்து, இடைக்காலப் பொறுப்புக்கு மனுப் போடுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவிலும், குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவிலும் அதற்கு வழி இருக்கிறது. குழந்தையை முறைகேடாக வைத்துக்கொண்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் (குழந்தையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் மனு) போடலாம். தாயை இழந்த ஒரு குழந்தையை உறவினர்கள் வைத்துக்கொண்ட வழக்கில், அத்தகைய மனு ஏற்கத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் சொன்னது.

வீட்டிலேயே இருக்க விரும்பினால் அதற்கும் உரிமை உண்டு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பெண்ணுக்குக் குடியிருப்பு உத்தரவு தருகிறது. வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் உரிமை கோரலாம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலைமையைப் பொறுத்து, அந்த வீட்டுக்குப் பதில் வாடகை வீடு ஏற்பாடு செய்யச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும்.

கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும்?

திருமணப் பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்று, கல்யாணப் புகைப்படங்கள், இருவரின் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளி ரசீதுகள், மருத்துவக் கோப்பு, உங்கள் வங்கிப் பாஸ்புக், அவருடைய சம்பளம் அல்லது தொழில் பற்றித் தெரிய வரும் எதுவும், சொத்துப் பத்திரங்களின் நகல். அசல் கிடைக்காவிட்டால் போட்டோ எடுத்து, உங்களுக்கு மட்டும் கடவுச்சொல் தெரிந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். அவருக்குத் தெரிந்த கடவுச்சொற்களை இன்றே மாற்றுங்கள். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு இல்லையென்றால் ஒன்று தொடங்குங்கள்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, என்ன நடந்தது, யார் இருந்தார்கள், குழந்தை எப்படி இருந்தது. இரண்டு வரி போதும். வருடக்கணக்கில் இழுக்கும் வழக்கில் சாட்சிக் கூண்டில் நிற்கும் நாளில் நினைவு உதவாது, நோட்டு உதவும்.

வாட்ஸ்அப் செய்திகள், ஃபோன் பதிவுகள் செல்லுமா?

செல்லும். ஸ்கிரீன்ஷாட்டை அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வக்கீல் தயாரித்துத் தருவார். செய்தி வந்த ஃபோனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த தொலைபேசி உரையாடலையும் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது.

அதற்காக அவருடைய மின்னஞ்சலை உடைத்துத் திறப்பதும், ஃபோனில் உளவுச் செயலி ஏற்றுவதும் வேண்டாம். அது உங்கள் மேல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வழக்காகத் திரும்பலாம். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் ஒருநாள் நீதிபதி படிப்பார் என்ற எண்ணத்தோடு அனுப்புங்கள். இரவு 12 மணிக்குக் கொதிப்பில் தட்டிய வசை, காலையில் அவர் வக்கீலின் கோப்பில் இருக்கும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987ன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசி எண் 15100. கொடுத்த வக்கீல் சரியாக ஆஜராகாவிட்டால் அங்கேயே முறையிட்டு மாற்றச் சொல்லலாம். தனியார் வக்கீலை வைத்தாலும், வழக்குச் செலவைக் கணவரிடமிருந்து கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இடம் தருகிறது.

எந்த ஊரில் வழக்குப் போடுவது? அவர் சென்னையில், நான் இப்போது திருநெல்வேலியில் அம்மா வீட்டில்.

விவாகரத்து வழக்கை மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். 2003ல் வந்த திருத்தம் இது. குழந்தையின் காப்பாளர் மனுவுக்குக் குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் கணக்கு. விடுமுறைக்கு வந்து தங்கியதை வசிப்பிடமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அம்மா வீட்டுக்கு வந்ததும் குழந்தையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது படிப்புக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊரில் விவாகரத்து மனு சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) எண்ணோடு நடக்கும்.

அவர் முந்திக்கொண்டு வேறு ஊரில் வழக்குப் போட்டுவிட்டால், சம்மனைப் படிக்காமல் மூலையில் போடாதீர்கள். வாய்தாவுக்குப் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். போனபின் வழக்கை உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்கலாம். கைக்குழந்தை, பயணச் செலவு, துணைக்கு ஆள் இல்லாமை ஆகியவற்றை உயர் நீதிமன்றங்கள் கருத்தில் எடுத்துக்கொள்கின்றன.

ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்?

நிலையான சதவீதம் எதுவும் சட்டத்தில் கிடையாது. கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமான அளவு என்று 2017ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல்கள் அளவுகோலாகப் பேசுவார்கள். அது விதியல்ல. குழந்தையின் பள்ளிக் கட்டணம், வாடகை, மருத்துவம், அவருக்கு இருக்கும் மற்ற பொறுப்புகள், உங்கள் வருமானம் எல்லாம் சேர்ந்துதான் தொகை.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கட்டாயம் தெரிந்துவையுங்கள். இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்படும். அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கும் குழந்தைக்கும் நட்டம். உங்கள் படிவத்தையும் நேர்மையாக நிரப்புங்கள். டியூஷன் எடுத்து வரும் 5,000 ரூபாயை மறைத்து மாட்டிக்கொண்டால், அவர் மறைத்த லட்சங்களைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் இருக்காது.

நீங்கள் சம்பாதித்தாலும் குழந்தைக்கான பங்கை அவர் தர வேண்டும். சம்பளக்காரர் என்றால் கணக்கு எளிது. கடை, வட்டித் தொழில், கமிஷன் என்று ரொக்கத்தில் புழங்குபவர் 'மாதம் பத்தாயிரம்தான்' என்று எழுதிக் கொடுப்பார். அப்போது பேசுவது வாழ்க்கைத் தரம்: கார், நகைச் சீட்டு, குழந்தைக்கு அவர் தேர்ந்தெடுத்த பள்ளி, வெளியூர்ப் பயணங்கள், வாங்கிய மனை. இவற்றின் படங்களையும் ரசீதுகளையும் சேருங்கள்.

விவாகரத்தே கேட்காமல் ஜீவனாம்சம் மட்டும் வேண்டுமென்றாலும் வழி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144ஆம் பிரிவு. எந்த மதத்தவரும் போடலாம்.

என் நகை முழுக்க மாமியார் லாக்கரில்.

பிறந்த வீட்டார் போட்டது, உங்களுக்கென்று தந்த சீர், கல்யாணத்துக்கு வந்த பரிசு எல்லாம் உங்கள் சொத்து. கணவரோ மாமியாரோ அவற்றை வெறுமனே பாதுகாத்து வைத்திருப்பவர்கள் என்று 1985ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம். கல்யாண ஆல்பத்தில் கழுத்திலும் கையிலும் இருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றாக எத்தனை பவுன் என்று பட்டியல் எழுதுங்கள். நகைக்கடை பில், அடகு ரசீது இருந்தால் இணையுங்கள். கொடுத்த வரதட்சணையையும் இதையும் கலந்து ஒரே தொகையாக எழுதிவிடாதீர்கள்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துவிடலாமா?

இருவருக்கும் மனம் ஒத்தால் அதுவே குழந்தைக்கு நல்லது. ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

ஒப்பந்தத்தில் அவசரம் வேண்டாம். 'குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை பார்க்கலாம்' என்று ஒற்றை வரி எழுதினால், அடுத்த மாதமே சண்டை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எங்கே, பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், மே விடுமுறை எப்படி, கல்லூரிச் செலவு யாருடையது, கட்டணம் ஏறினால் தொகை எப்படி உயரும், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து, மருத்துவக் காப்பீடு என எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். விட்டால் போதும் என்று குழந்தையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும் அம்மாக்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அது குழந்தையின் உரிமை, விட்டுக்கொடுக்க அம்மாவுடையது அல்ல.

கவுன்சலிங்கில் 'சேர்ந்து வாழுங்கள்' என்று வற்புறுத்துவார்களே?

குடும்ப நல நீதிமன்றத்தில் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது சட்டம். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடிதடி இருந்தால் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள், தனித்தனியாகப் பேசக் கேளுங்கள். புரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அப்பா வந்து பார்ப்பதை நான் தடுக்கலாமா?

உங்களுக்கு அவர் மேல் உள்ள கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அதற்காகத் தடுக்காதீர்கள். பெற்றவர் இருவரையும் பார்த்து வளர்வது குழந்தையின் உரிமை என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தொடர்ந்து தடுத்தால் நீதிமன்ற அவமதிப்பு வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, குழந்தையை அப்பாவுக்கு எதிராகத் திருப்புகிறீர்கள் என்ற எண்ணம் நீதிபதிக்கு வந்துவிடுவது. பொறுப்பையே மாற்றி எழுத அது காரணமாகலாம்.

அவர் குடித்துவிட்டு வருகிறார், குழந்தையை அடித்திருக்கிறார் என்றால் நிலைமை வேறு. நீதிமன்ற வளாகத்தில், ஒருவர் மேற்பார்வையில் மட்டும் சந்திப்பு என்று கேளுங்கள். பாலியல் அத்துமீறல் சந்தேகம் இருந்தால் தயங்காமல் 1098க்கு அழையுங்கள், போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) புகார் கொடுங்கள். ஆனால் வழக்கில் ஜெயிக்க அப்படி ஒரு புகாரை உருவாக்க யார் யோசனை சொன்னாலும் அந்த ஆளை விட்டு விலகுங்கள். பொய்ப் புகார் கொடுத்த தாய்மீதே நடவடிக்கை எடுக்கச் சொன்ன உத்தரவு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கிறது. குழந்தையின் வாயில் அந்தப் பொய்யைத் திணிப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

நீதிபதி குழந்தையிடம் பேசுவாரா? என்ன சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போவது?

விவரம் தெரிந்த வயதென்றால் தன் அறையில் தனியாகப் பேசுவார். எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த பதிலை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். 'ஒரு மாமா பேசுவார், உனக்குத் தோன்றுவதைச் சொல், நீ என்ன சொன்னாலும் அம்மா கோபப்பட மாட்டேன்' என்பது போதும். வயிற்றுக்குச் சாப்பிடக் கொடுத்து, பிடித்த பொம்மையோ புத்தகமோ எடுத்துப் போங்கள். குழந்தை முன்னால் வழக்குப் பேச்சு வேண்டாம் என்று தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்; அந்த வீட்டில் மெதுவாகப் பேசினாலும் குழந்தைக்குக் கேட்கும்.

அமெரிக்காவிலிருந்து குழந்தையோடு வந்துவிட்டேன். அங்கே அவர் உத்தரவு வாங்கிவிட்டார்.

குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. வெளிநாட்டு உத்தரவைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் குழந்தையின் நலனை இந்திய நீதிமன்றம் தானே ஆராயும் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். 2020ல் இன்னொரு வழக்கில், குழந்தையை அமெரிக்காவுக்குத் திருப்பி அழைத்துச் செல்லச் சொல்லியும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாடுகளில் மற்றவர் சம்மதமில்லாமல் குழந்தையைக் கூட்டி வருவது குற்றமும்கூட. இன்னும் கிளம்பவில்லையென்றால் முதலில் அந்த ஊர் வக்கீலைக் கேளுங்கள்.

என் நடத்தையைக் கேவலமாக எழுதியிருக்கிறார். கூண்டில் கேட்டால் எப்படித் தாங்குவது?

இப்படி எழுதுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. படித்ததும் உடைந்துபோகாத பெண் அபூர்வம். குற்றச்சாட்டு எழுதினால் மட்டும் போதாது, அவர்தான் நிரூபிக்க வேண்டும். குழந்தையைப் பொறுத்தவரை, உங்கள் நட்போ உடையோ வேலை நேரமோ குழந்தையைப் பாதித்ததா என்பதே கேள்வி. விசாரணையை மூடிய அறையில் நடத்தக் கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒரு தரப்பு கேட்டாலே அப்படி நடத்த வேண்டும் என்கிறது.

குறுக்கு விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நினைவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். தண்ணீர் கேட்கலாம், கேள்வியைத் திரும்பக் கேட்கலாம், அழுகை வந்தால் நேரம் கேட்கலாம்.

தீர்ப்பு எதிராக வந்துவிட்டால்?

குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். குழந்தைப் பொறுப்பு உத்தரவு எதுவும் கல்லில் எழுதியதல்ல. அவர் ஊர் மாறினாலும், மறுமணம் செய்தாலும், குழந்தை வளர்ந்து விருப்பம் மாறினாலும், சூழ்நிலை மாறியதைக் காட்டி மாற்றக் கேட்கலாம். அதுவரை உங்களுக்குக் கிடைத்த சந்திப்பு நேரம் வாரத்துக்கு இரண்டு மணி நேரமே ஆனாலும் ஒன்றையும் தவறவிடாதீர்கள், போன தேதியையும் நேரத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள்.